பத்தாம் நம்பர் ஸ்பானர்

ஸ்ரீரங்கம்
3 அக்டோபர் 2024

அன்புள்ள சுக்கூர்,

1. நலம். நலமறிய ஆவல்.

2. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். உங்கள் முகவரியைக் கண்டுபிடிக்க முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு ஆறு வாரம் ஆயிற்று. அதற்குள் நான் நான்கு நினைவூட்டல்கள் அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் பார்த்தால் நீங்கள் பாலக்கரையில் இருக்கிறீர்கள். என் மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரிகிறது. அதற்குப் பின்னால் இருப்பவரை டெல்லி வழியாகத் தேடியிருக்கிறேன். பழக்கம்.

3. நான் ஏர் மார்ஷலாக ஓய்வு பெற்றதை அறிந்திருப்பீர்கள். அறியாவிட்டாலும் இந்தத் தாளின் தலைப்பில் அச்சாகியிருக்கிறது.

4. 1991இல் நம் தளத்தில் நடந்த விபத்துதான் என் வாழ்க்கையின் திருப்புமுனை. உங்கள் விமானப் பழுதுபார்ப்பு ஹேங்கரில் காணாமல் போன பத்தாம் நம்பர் ஸ்பானர், பறந்துகொண்டிருந்த விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டில் சிக்கி, ஃபிளைட் லெப்டினன்ட் ஜூட் இறந்தார். நீங்கள் தண்டனைக்குப் பயந்து ஸ்பானர் காணாததைச் சொல்லாமல் இருந்துவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு அப்போதும் கோபம் இல்லை. ஒரு நல்ல டெக்னீஷியனைப் பேசவிடாமல் செய்தது பயம் என்று புரிந்துகொண்டேன். அதிலிருந்து பிறந்ததுதான் மஞ்சள் அட்டை: தன் தவறை எவரும் அதில் எழுதிப் போடலாம், பெயர் வெளிவராது, தண்டனை கிடையாது. இன்று படை முழுவதும் அதுதான் நடைமுறை. வெளிநாடுகளிலிருந்தும் வந்து பார்த்துப் போகிறார்கள்.

5. என் வாழ்க்கை வரலாறு 'பிழை பேசட்டும்' டிசம்பர் 8 அன்று இங்கே ஒரு விமானப் பராமரிப்புக் கல்லூரியில் வெளியாகிறது. ஏழாம் அத்தியாயம் உங்களைப் பற்றியது. உங்கள் பெயரைப் போடவில்லை, 'டெக்னீஷியன் எஸ்.' என்று மட்டும் இருக்கிறது. கல்லூரி ஏற்கெனவே இதைப் பாடமாக நடத்துகிறது. விழாவில் ஒரு மாணவி இந்த நிகழ்வை விளக்குவார். முடிவில் நீங்கள் மேடைக்கு வர, நான் உங்களைத் தழுவிக்கொள்வதாக ஏற்பாடு. மன்னிப்பு என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும்.

6. அத்தியாயத்தின் அச்சுப்படி இணைத்துள்ளேன். இது உத்தரவு அல்ல, அழைப்பு. பத்து நாளில் பதில் வேண்டும்.

அன்புடன்,
வளவன்


பாலக்கரை, திருச்சி
9 அக்டோபர் 2024

மரியாதைக்குரிய வளவன் சார் அவர்களுக்கு,

அப்துல் சுக்கூர் எழுதிக்கொண்டது. தங்கள் கடிதம் கிடைத்தது. காவேரிப் பாலத்தைத் தாண்ட ஸ்பீடு போஸ்டுக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது. உறையின் மேல் இருந்த சிங்க முத்திரையைப் பார்த்த தபால்காரர், என் மேல் ஏதாவது கேஸ் இருக்கிறதா என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

படையை விட்ட பிறகு ஷார்ஜாவில் ஒரு ஹேங்கரில் பதினெட்டு வருடம் இருந்தேன். இப்போது மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்களில் மெஷின் பழுது பார்க்கிறேன். அங்கேயும் நம் ஹேங்கரில் இருந்த மாதிரி ஒரு பலகை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டூலின் உருவத்தையும் கறுப்புப் பெயிண்டில் வரைந்து அதன் மேலேயே அந்த டூலை மாட்டுவது. எது திரும்பி வரவில்லையோ அதன் கறுப்பு மட்டும் தெரியும். போன மாதம் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். மில்லை நிறுத்தினேன். முதலாளி வீரமலை, "பாய், இது அரிசி மில்லு. என்னமோ ஆகாயத்துல பறக்கப் போற மாதிரி நிறுத்துறீங்க!" என்று கத்தினார். இரண்டு மணி நேரம் தேடி, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் பெல்ட்டுக்கு அடியிலிருந்து எடுத்தோம். அவருக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் எடுக்கும் வரை மில்லை ஓட்டச் சொல்லவில்லை.

அத்தியாயத்தைப் படித்தேன். மூன்று பிழை இருக்கிறது. எங்கள் ஹேங்கர் கதவு பச்சை. நீலம் என்று போட்டிருக்கிறீர்கள். ஜூட் சாருக்கு அப்போது இருபத்தாறு வயது, இருபத்தெட்டு இல்லை. மூன்றாவது, பக்கம் 212இல்: "ஸ்பானர் காணாமல் போனதை அறிந்திருந்தும் டெக்னீஷியன் எஸ். யாரிடமும் சொல்லவில்லை."

நான் சொன்னேன் சார். முதல் நாள் மாலை ஆறு பத்துக்கு, ஹேங்கர் போனில், உங்களிடம் சொன்னேன்.

முதல் இரண்டையும் திருத்தாவிட்டாலும் பாதகமில்லை. விழாவுக்கு என்னால் வர இயலாது. இதைப் பற்றிப் போனில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டது. எழுத்தில் இருக்கட்டும்.

தங்கள்,
அ. சுக்கூர்


ஸ்ரீரங்கம்
15 அக்டோபர் 2024

அன்புள்ள சுக்கூர்,

1. கதவின் நிறமும் ஜூட்டின் வயதும் திருத்தப்பட்டன. நன்றி.

2. மூன்றாவது பற்றி: அப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததாக எனக்கு நினைவில்லை. மறுநாள் தலைமைத் தளபதியின் பார்வையிடல் இருந்தது, நான்கு விமானங்கள் அணிவகுத்துப் பறக்க வேண்டியிருந்தது. தளபதி பொறுப்பை நான் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை எனக்கு அறுபது அழைப்புகளாவது வந்திருக்கும்.

3. விசாரணை ஆவணத்தில் உங்கள் வாக்குமூலம் இருக்கிறது. "நான் எவரிடமும் தெரிவிக்கவில்லை." கீழே உங்கள் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று விசாரணைக் குழுத் தலைவர் பாராட்டியது நினைவிருக்கிறது.

4. முப்பத்து மூன்று ஆண்டு என்பது நீண்ட காலம். அவ்வளவு காலத்தில் மனம் தனக்கு வேண்டியபடி எதையாவது சேர்த்துக்கொள்ளும். உங்களைக் குறை சொல்லவில்லை. என் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது (பக்கம் 240).

5. படை ஆவணங்களுக்கு முரணாகப் பொதுவெளியில் பேசுவது ஓய்வுபெற்றவர்களுக்கும் உகந்ததல்ல என்பதை நண்பனாக நினைவூட்டுகிறேன்.

வளவன்


பாலக்கரை
22 அக்டோபர் 2024

வளவன் சார் அவர்களுக்கு,

பக்கம் 240ஐ அனுப்பவில்லை. தேவையும் இல்லை.

அந்த வாக்குமூலத்தை எழுதியது நான்தான். எழுதுவதற்கு முந்தின நாள் நீங்கள் நான் தங்கியிருந்த பாரக்குக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தீர்கள். ஒரு அதிகாரி கார்ப்பரலின் கட்டிலில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. "சுக்கூர், போன் விஷயத்தைச் சொன்னா உன் வார்த்தையா என் வார்த்தையான்னு ஆயிடும். சொல்லலைன்னு எழுதினா சட்டைக் கையில ரேங்க் கோடு ஒண்ணுதான் போகும். மேல நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். ஒரு கோடு போயிற்று. மேலே நீங்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டீர்கள்.

போனில் நான் சொன்னது: "சார், பத்தாம் நம்பர் ஸ்பானர் இல்ல. இன்னிக்கு நாலு பிளேன்லயும் வேலை நடந்திருக்கு. நாலையும் பிரிச்சுப் பார்க்கணும்." நீங்கள் சொன்னது: "நாளைக்குக் காலைல வர்றவர் மொதல்ல பலகையைத்தான் பார்ப்பார். பலகைல ஓட்டை இருக்கக் கூடாது. எப்படிப் பண்ணேன்னு என்கிட்ட சொல்லாத." காலையில் பலகை நிறைந்திருந்தது. விமானங்கள் பறந்தன.

இத்தனை வருடம் நான் வாய் திறக்கவில்லை. இனியும் திறந்திருக்க மாட்டேன். ஆனால் விழாவில் பாடத்தை விளக்கப்போகும் மாணவி என்று எழுதினீர்களே, அவள் பெயர் சுராயா. கடைசி வருடம் படிக்கிறாள். என் மகள்.

அவளுக்கு நான் படையில் இருந்தது தெரியும். எந்தத் தளம், எந்த வருடம் என்று சொன்னதில்லை. மூன்று வாரமாகச் சாப்பிடும்போதெல்லாம் ஒத்திகை பார்க்கிறாள். "அத்தா, இந்த எஸ்-ங்கிற ஆளுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு? ஒரு மனுஷன் செத்துப்போயிட்டாரு. கோழைப் பய!" என்கிறாள். நான் சாதத்துக்கு ரசம் ஊற்றிக்கொள்கிறேன்.

பக்கம் 212ஐ மாற்றுங்கள் சார். வேறொன்றும் கேட்கவில்லை.

அ. சுக்கூர்


ஸ்ரீரங்கம்
29 அக்டோபர் 2024

அன்புள்ள சுக்கூர்,

1. உங்கள் மகள் என்பது எனக்குத் தெரியாது. கல்லூரிதான் தேர்வு செய்தது. சுராயாவின் கட்டுரையைப் படித்தேன், மிக நன்றாக இருக்கிறது. இது உங்களுக்கு ஆறுதல் அளிக்காது என்பதை எழுதிய பிறகுதான் உணர்கிறேன்.

2. ஒன்றை மட்டும் யோசியுங்கள். இருபது ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் மஞ்சள் அட்டைகள் வந்திருக்கின்றன. விபத்துகள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. இதை ஒழிக்கக் காத்திருக்கும் கனவான்கள் தலைமையகத்தில் இரண்டு மாடி நிறைய இருக்கிறார்கள். தண்டிக்காவிட்டால் ஒழுக்கம் கெடும் என்பது அவர்கள் கட்சி. இதன் அடிப்படையே பொய் என்று தெரிந்தால் அடுத்த வாரமே ஒழித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு கார்ப்பரல் பயந்துபோய் வாய் மூடிக்கொள்வான். இன்னொரு ஜூட் சாவான். அந்தச் சாவு 212ஆம் பக்கத்தைத் திருத்தியவர்கள் கணக்கில் வரும்.

3. அழைப்பு வந்தது என்று நான் ஒப்புக்கொள்வதாக இதைக் கொள்ள வேண்டாம்.

4. சில விஷயங்கள் நேரில்தான் தீரும். வரும் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

வளவன்


பாலக்கரை
4 நவம்பர் 2024

வளவன் சார்,

சனிக்கிழமை நான் மில்லில் இருப்பேன் என்று உங்களுக்கு எழுத நேரமில்லை. எழுதினாலும் பாலத்தைத் தாண்டியிருக்காது. ஆனால் ஆள் இல்லை என்று தெரிந்ததும் நீங்கள் திரும்பிப் போயிருக்கலாம். அரைமணி நேரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, என் மனைவி ஸஹ்ராவிடம் இரண்டாவது டீயும் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறீர்கள்.

நான் வந்ததும் சுராயா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அத்தா! ஏர் மார்ஷல் சார் நம்ம வீட்டுக்கு வந்திருந்தாரு! இந்த நாற்காலியிலதான் உக்காந்தாரு! நீங்க அவர்கிட்ட வேலை பார்த்தீங்களாமே, நல்ல டெக்னீஷியன்னு சொன்னாரு! ஏன் சொல்லவே இல்ல?" போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"எந்த வருஷம் அத்தா?" என்றாள். நான் கை கழுவப் போனேன். அவள் கெட்டிக்காரி சார். கை கழுவி முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பாட நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எஸ்-னா சுக்கூரா?"

"ஆமா."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

சொன்னேன் என்று சொன்னால், 'யார்கிட்ட?' என்பாள். பெயரைச் சொன்னால், அப்புறம் ஏன் இப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்பாள். மகளைச் சமாதானப்படுத்த அப்பன் கதை கட்டுகிறான் என்று நினைப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். என் கையெழுத்து என் பக்கம் இல்லை.

இரண்டு நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். ஸஹ்ராவும் ஒன்றும் கேட்பதில்லை, அது இதைவிடக் கஷ்டம்.

உங்கள் மஞ்சள் அட்டையைப் பற்றி: அது நல்ல காரியம், ஒழிய வேண்டாம். ஆனால் அது கீழே இருப்பவன் வாய் திறக்காததற்குத்தான் வைத்தியம். நான் வாய் திறந்தவன். கேட்டவர் காதுக்கு நீங்கள் இதுவரை எந்த அட்டையும் அடிக்கவில்லை. சீர்திருத்தம் நன்றாக இருக்கிறது சார், வேறு வியாதிக்கு.

அவள் கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார்.

சுக்கூர்


ஸ்ரீரங்கம்
13 நவம்பர் 2024

அன்புள்ள சுக்கூர்,

உங்கள் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். எண் போட்டு எழுதினால் மூன்றாவது பத்தியில் நின்றுவிடுகிறது.

அழைப்பு வந்தது. ஆறு பத்தா என்று தெரியாது. சவரம் செய்துகொண்டிருந்தேன், ஒரு கையில் ரேசர். நீங்கள் 'நாலையும் பிரிக்கணும்' என்றீர்கள். எனக்கு அந்த நொடியில் தோன்றியது ஜூட் அல்ல, மற்ற மூன்று விமானிகளும் அல்ல. பார்வையிட வருகிறவர் போன மாதம் வேறொரு தளத்தில் பலகையில் ஒரு வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தளபதியின் பதவி உயர்வை நிறுத்தியிருந்தார். அதுதான் தோன்றியது. நான் சொன்ன வார்த்தைகள் நீங்கள் எழுதியவையே. ஒரு சொல்கூட மாறவில்லை. என் வாழ்க்கை வரலாற்றில் இவ்வளவு துல்லியமாக ஒரு இடம் இல்லை.

இதை நான் நாற்பது நாடுகளின் அதிகாரிகளுக்கு முன் பேசியிருக்கிறேன், வேறு மாதிரி. இருபதாவது முறை பேசியபோது நானே அதை நம்பினேன் என்று நினைக்கிறேன்.

பக்கம் 212க்கு மாற்று வாக்கியம் ஒன்று எழுதியிருக்கிறேன். "ஸ்பானர் காணாமல் போன தகவல், பல்வேறு காரணங்களால், உரிய நேரத்தில் உரிய நடவடிக்கையாக மாறவில்லை." இது உங்களை முழுமையாக விடுவிக்கிறது. அட்டையையும் காப்பாற்றுகிறது. அச்சுக்கு 25ஆம் தேதி போகிறது. சம்மதம் என்றால் எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் 'காலையில் பலகை நிறைந்திருந்தது' என்று இருக்கிறது. எப்படி நிறைந்தது என்று எழுதவில்லை. நானும் அன்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

வளவன்


பாலக்கரை
18 நவம்பர் 2024

வளவன் சார்,

மாற்று வாக்கியத்தைச் சுராயாவிடம் காட்டினேன். பதினைந்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு: "இதுல ஆளே இல்லையே அத்தா. ஸ்பானரே தன்னைக் காணோம்னு ஸ்பானர்கிட்டயே சொன்ன மாதிரி இருக்கு." சம்மதமில்லை.

உங்கள் 13ஆம் தேதி கடிதம் முழுவதையும் அவளிடம் கொடுக்க எடுத்தேன். பிறகு மடித்து வைத்துவிட்டேன். அது நீங்கள் எனக்கு எழுதியது. ஊருக்கு முன் சொன்ன பொய்க்கு உறைக்குள் வைத்து ஒட்டிய உண்மை போதாது.

விழாவில் பேசுவதை அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். "பேசத்தான் போறேன்" என்கிறாள். என்ன பேசுவாள் என்று சொல்ல மறுக்கிறாள். கல்லூரிக்குக் கொடுத்த கட்டுரையை மேசையில் விட்டுவிட்டு வேறு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் அறைக்குள் போனால் கையால் மூடிக்கொள்கிறாள்.

பலகை நிறைந்தது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து ஹேங்கரில் இரவல் வாங்கிய ஸ்பானரை நான் மாட்டினேன். என் கையால்.

சுக்கூர்


ஸ்ரீரங்கம்
1 டிசம்பர் 2024

சுக்கூர்,

புத்தகம் அச்சாகிவிட்டது. பக்கம் 212 பழையபடியே இருக்கிறது. 24ஆம் தேதி பதிப்பாளரைக் கூப்பிட போனை எடுத்தேன். அவர், "சொல்லுங்க சார்" என்றார். அட்டைப் படத்தில் என் தொப்பி கொஞ்சம் இருட்டாக இருக்கிறது என்றேன். அவர் அதைச் சரிசெய்துவிட்டார்.

போர்க்காலத்தில் எல்லைக்கு மேல் பறந்திருக்கிறேன். விருது வாங்கியிருக்கிறேன். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

எட்டாம் தேதி முன்வரிசையில் உட்கார்ந்து உங்கள் மகள் பேசுவதைக் கேட்டாக வேண்டும். மாணவியை மாற்றலாமா என்று கல்லூரிச் செயலர் கேட்டார், ஒத்திகைக்கு அவள் வரவில்லையாம். 'மாற்றுங்கள்' என்று சொல்ல ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. வேண்டாம் என்றேன். இதையாவது என் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வருவீர்களா?

வளவன்


பாலக்கரை
11 டிசம்பர் 2024

வளவன் சார் அவர்களுக்கு,

நான் வந்திருந்தேன். கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். நீங்கள் பார்க்கவில்லை.

உங்களுக்கு நடந்ததை உங்களுக்கே எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் மேடையிலிருந்து பார்த்தால் என்ன தெரிந்ததோ தெரியாது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சுராயா பாடத்தை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். 212ஆம் பக்கம் வந்ததும் நிறுத்தினாள். எனக்கு முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் உங்கள் பக்கம் திரும்பி, "சார், ஒரு சந்தேகம். எஸ் சொல்லலைன்னு நமக்கு யார் சொன்னது?" என்றாள். நீங்கள், "விசாரணை அறிக்கைம்மா" என்றீர்கள். "அறிக்கைக்கு யார் சொன்னது சார்?" என்றாள்.

நீங்கள் எழுந்து மேடை ஏறினீர்கள். மைக்கை வாங்கினீர்கள். "அவர் சொன்னாரு. என்கிட்டதான் சொன்னாரு. பலகையை ரொப்புன்னு நான்தான் சொன்னேன்."

முப்பத்து மூன்று வருடமாக என் நெஞ்சில் இருந்தது இறங்குகிறது என்று நினைத்தேன். அதற்குள் செயலர் எழுந்து கை தட்டினார். "இதுதாங்க தலைமைப் பண்பு! கீழ இருக்கறவன் பண்ணின தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறாரு பாருங்க!" என்றார். எழுநூறு பேரும் எழுந்து தட்டினார்கள். "இல்லைங்க, நிஜமாத்தான் சொல்றேன்" என்றீர்கள். கைத்தட்டல் கூடியது. "தயவுசெஞ்சு கேளுங்க" என்றீர்கள். யாரோ விசில் அடித்தார்கள். மூன்றாவது தடவை நீங்கள் வாய் திறப்பதற்குள் உங்களுக்குச் சால்வை போர்த்திவிட்டார்கள்.

மறுநாள் பேப்பரில் வந்திருக்கிறது: 'ஊழியரின் பிழையைத் தன் பிழையாக ஏற்ற மாமனிதர்'. மில்லில் வீரமலை சத்தமாக வாசித்துவிட்டு, "இந்த மாதிரி ஆளுகிட்ட வேலை பார்த்திருக்கணும் பாய்" என்றார்.

கை தட்டாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மேடையில் நின்றாள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு, "நான் நம்பறேன் அத்தா" என்றாள்.

சுக்கூர்


ஸ்ரீரங்கம்
30 டிசம்பர் 2024

அன்புள்ள சுக்கூர்,

முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்துவிட்டது. இரண்டாம் பதிப்பில் அந்தக் கைத்தட்டலை முன்னுரையாகச் சேர்க்க வேண்டும் என்கிறார் பதிப்பாளர். 212ஐ மாற்றினால்தான் பதிப்பு என்றேன். "மாத்திடுவோம் சார், வாசகர்கள் உங்க அடக்கத்தைப் புரிஞ்சுக்குவாங்க" என்கிறார். பதிப்பையே நிறுத்திவிட்டேன்.

விசாரணையைத் திரும்பத் திறக்கச் சொல்லித் தலைமையகத்துக்கு ஆறு பக்கம் எழுதினேன். பதில் வந்துவிட்டது, வழக்கத்துக்கு மாறாக ஒன்பதே நாளில். தன் தவறைத் தானே தெரிவிப்பதால் என் கடிதம் மஞ்சள் அட்டையாகக் கருதப்படுகிறதாம். விதி ஒன்பதின்படி தண்டனை இல்லை, பெயரும் வெளியிடப்படாது. 'அதிகாரி வி.' என்று பதிவாகியிருக்கிறேன். விதி ஒன்பதை எழுதியவன் நான். அதை எதிர்த்து இப்போது நானே மனுப் போட்டிருக்கிறேன்.

பிறகு என்னை நம்பக்கூடிய ஒருவருக்கு எழுதினேன். தூத்துக்குடியில் ஜூட்டின் அக்கா அமலராணி இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாவற்றையும் எழுதினேன், உங்கள் பெயரும் என் பெயரும் முழுசாகப் போட்டு. முந்தாநாள் பதில் வந்தது. என்னைத் திட்டவில்லை. நான்கே வரி. கடைசி வரி: "அன்று காலை என் தம்பியிடம் கடைசியாகப் பேசியது யார்? என்ன பேசினான்?"

நான் விருந்தினர்களோடு மேடையில் இருந்தேன். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வளவன்


பாலக்கரை
6 ஜனவரி 2025

அன்புள்ள வளவன் சார்,

தெரியும். பேசியது என்னோடுதான்.

ஜூட் சார் ஏணியில் ஏறும்போது எப்போதும் இரண்டாவது படியில் நின்று திரும்புவார். அன்றும் திரும்பினார். "பாய், எல்லாம் சரியா?" என்றார். அப்போது என்னால் நிறுத்தியிருக்க முடியும். 'இறங்குங்க சார்' என்று இரண்டு வார்த்தை. நீங்கள் அரைக் கிலோமீட்டர் தள்ளி மேடையில் இருந்தீர்கள், உங்கள் குரல்கூட எட்டாது. நான், "சரி சார்" என்றேன். பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். அவர் என் தோளைத் தட்டினார்.

ஆறு பத்துக்கு உங்களிடம் சொன்னேன் என்பதையே இத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை மறுநாள் காலை எட்டு ஐம்பதுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

அமலராணி அம்மாவுக்கு இப்படியே எழுதிவிட்டேன். தபாலில் சேர்ப்பதற்கு முன் சுராயாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"அவரு கேட்டாரு. நீங்க சரின்னு சொன்னீங்க."

"ஆமா."

"யாருக்குப் பயந்து?"

"வளவன் சாருக்கு."

"அவருதான் அங்க இல்லையே அத்தா."

நான் அழுதிருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். அவள் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. "மேடையில அவரை மட்டும் கேட்டுட்டேன். பாதி விசாரணைதான் ஆயிருக்கு" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய் ஒரு குயர் நோட்டு வாங்கி வந்தாள். அதன் முதல் பக்கத்தில் ஜூட் சாரின் முழுப் பெயரை எழுதியிருக்கிறாள். அடுத்த பக்கத்தில் உங்கள் பெயர், அதற்கடுத்ததில் என் பெயர். எழுதி முடித்ததும் தூத்துக்குடிக்கு அவளே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாளாம்.

வரும் ஞாயிறு, 12ஆம் தேதி, வீட்டுக்கு வர வேண்டும் என்று உங்களிடம் சொல்லச் சொன்னாள். அங்கே வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் இன்னும் குறைந்திருக்காது, காரை எடுக்காமல் பஸ்ஸில் வாருங்கள். சேர்த்து உட்கார வைத்தால் நாம் இருவரும் பேசி வைத்துக்கொள்வோம் என்கிறாள்.

பத்து மணிக்கு நீங்கள். பதினொன்றுக்கு நான். நடுவில் பார்த்துக்கொள்ளக் கூடாதாம்.

அ. சுக்கூர்